‘குறைந்த நச்சு’ யூவி மை: கைக்கா, மூச்சுக்கா, சாக்லேட்டுக்கா?

உதகையில் சிறிய அச்சகம் நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பிளாட்பெட் யூவி எல்இடி இயந்திரம், அதாவது மையைத் துளிகளாகத் தெளித்துப் புற ஊதா (யூவி) ஒளியால் காயவைக்கும் அச்சு இயந்திரம், வாங்கியிருக்கிறார். தேயிலை டப்பா, வீட்டுச் சாக்லேட் பெட்டி, வர்க்கிப் பெட்டி, தைலக் குப்பி, மரச் சாவிக்கொத்து என்று சுற்றுலா வருபவர்கள் வாங்கிப்போகும் எல்லாவற்றிலும் அச்சடிக்கிறார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் 19 வயதுப் பையனுக்கு விரல்நுனிகள் வெடித்து அரிக்கின்றன. சில நாட்களில் இமையும் வீங்குகிறது. மை விற்பவர் ‘குறைந்த நச்சு மோனோமரில் செய்தது’ என்று ஒரு புதிய மையை ஒன்றரை மடங்கு விலைக்குக் காட்டுகிறார். அதை வாங்கலாமா, வாங்கினால் சாக்லேட் பெட்டியின் உட்பக்கத்திலும் அச்சடிக்கலாமா, ஆடி மாதத்தில் மை பிசுபிசுவென்றே நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

உண்மையில் இதில் வேறு மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. காயாத மையைத் தொடும் கைக்கு என்ன ஆகும்? மூடிய அறையில் அதன் ஆவியையும், அச்சடிக்கும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளான துளிப்புகையையும் இழுக்கும் மூச்சுக்கு என்ன ஆகும்? காய்ந்த பிறகு, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துத் தின்னும் வாய்க்கு என்ன ஆகும்? ‘குறைந்த நச்சு’ என்பது இந்த மூன்றில் எதற்கு என்று விற்பவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கைக்கு நல்லதாக இருக்கும் மை வாய்க்கு ஆகாததாக இருக்கலாம். இதனால்தான் ஆம், இல்லை என்று ஒற்றை வரியில் முடிக்காமல் நீட்டி எழுதுகிறேன்.

இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வேலையைத் தொடங்கியவன் நான். ஒளி பட்டால் மாறும் பொருள்களோடு பழகியது அங்கேதான். பிறகு சமவெளிக்கு இறங்கி, 20 ஆண்டுகளுக்கு மேல் மை ஆய்வுக்கூடங்களில் யூவி மை கலந்தேன். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். பையனின் விரலைப் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தத் தொழிலில் கண்ணால் கண்டது, அவ்வளவே. உங்கள் இரண்டு மைகளின் பாதுகாப்புத் தகவல் தாளும் என் கையில் இல்லை. எனவே புட்டியில் இன்னதுதான் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பல்லில் ஓட்டை அடைக்கும்போது மருத்துவர் பசைபோல ஒன்றை வைத்து நீல ஒளியைக் காட்டுவார், சில விநாடிகளில் அது கல்லாகிவிடும். உங்கள் மையிலும் நடப்பது அதே வேதியியல்தான். சாதாரண மையில் கரைப்பான் ஆவியாகிப் போகும், நிறம் தங்கும். யூவி மையில் ஆவியாகிப் போக ஏறக்குறைய எதுவும் இல்லை. புட்டியில் திரவமாக இருப்பது முழுவதுமே ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டிப்பட வேண்டும். அப்படிக் கைகோக்கும் சிறு மூலக்கூறுதான் மோனோமர். ஒளியை வாங்கி அந்த வேலையைத் தொடங்கிவைப்பது ஒளித்தொடக்கி.

சிக்கல் எங்கே பிறக்கிறது என்றால், பதத்தில். அச்சு ஹெட்டின் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றின் வழியே நொடிக்கு ஆயிரக்கணக்கான துளிகள் தெறிக்க வேண்டும் என்றால் மை 8 முதல் 15 மில்லிபாஸ்கல்-விநாடி அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அளவு 1, சமையல் எண்ணெய் 50ஐ ஒட்டி வரும் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு நீர்த்த பதம் என்று தெரியும். ஹெட்டை 40, 45 டிகிரிக்குச் சூடாக்கியும் இதைத்தான் எட்டுகிறோம். ஆப்செட் அச்சில் தேன்போன்ற, பெரிய மூலக்கூறுகளால் ஆன பிசினைத் தாராளமாகச் சேர்க்கலாம். இன்க்ஜெட்டில் அதற்கு இடம் மிகக் குறைவு. மையின் பெரும்பகுதி சின்னஞ்சிறு மோனோமர்தான். ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட்டின் மூலக்கூறு எடை 226. ஐசோபார்னைல் அக்ரிலேட்டுக்கு 208. வினைல் கேப்ரோலாக்டம் 139 மட்டுமே. தோலின் மேலடுக்கு ஏறக்குறைய 500க்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது என்பது தோல் அறிவியலில் நெடுநாளாகப் பயன்படும் ஒரு தோராய விதி. நம் மோனோமர்கள் அந்தக் கதவில் குனியாமலே நுழைந்துவிடுகின்றன. துளையில் இலகுவாகப் பாயும் குணமும் தோலுக்குள் இலகுவாகப் போகும் குணமும் ஒரே சிறுமையிலிருந்து வருபவை.

அளவோடு இது முடிவதில்லை. யூவி மை மோனோமர்களில் பெரும்பாலானவை அக்ரிலேட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்ரிலேட்டில் உள்ள இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கார்பனைல் தொகுதி உட்கார்ந்து எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பால் இரட்டைப் பிணைப்புக்குப் பசி எடுக்கிறது. நம் தோலின் புரதங்களில் கந்தகமும் நைட்ரஜனும் கொண்ட தொகுதிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் அது போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டப்பட்ட புரதத்தை உடல் அந்நியன் என்று குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஒரு துளி பட்டாலும் படையை அனுப்பும். இதைத்தான் தோல் மருத்துவர்கள் தொடு ஒவ்வாமை என்கிறார்கள். மை நொடியில் கெட்டிப்படக் காரணமான வினைத்திறனைக் கூட்டும் அமைப்புதான் இங்கே தோலையும் பிடிக்கிறது. நஞ்சை நீக்கிவிட்டு வேகத்தை மட்டும் வைத்துக்கொள்வது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

இங்கே ஐயத்துக்கு இடமில்லாத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒவ்வாமை தொட்ட உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வெளிப்படும். அதனால் பையன் ஞாயிற்றுக்கிழமை அரிப்பெடுத்தால் சமைத்ததையோ சோப்பையோ குற்றம் சொல்வான். வெள்ளிக்கிழமை துடைத்த ஹெட் நினைவுக்கு வராது. கையில் ஒட்டியதோடு கண்ணைத் தேய்த்தால் இமை வீங்கும். இமைத்தோல் மிக மெல்லியது. ஒருமுறை உடல் இப்படிப் பழகிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் போகாது. அதோடு ஒரு அக்ரிலேட்டுக்குப் பழகிய உடல் அதன் உறவுக்காரர்களையும் அடையாளம் கண்டுகொள்ளும். அழகு நிலையத்தில் போடும் ஜெல் நகப்பூச்சு, பல் அடைப்பான், எலும்பு அறுவையில் பயன்படும் சிமெண்ட், சர்க்கரை அளவைக் கண்காணிக்கத் தோலில் ஒட்டும் கருவி எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்தின் ஆட்கள் இருக்கிறார்கள். 19 வயதுப் பிள்ளை இன்னும் 50 ஆண்டுகள் இதைச் சுமக்க நேரிடலாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில், கையில் பட்ட மையைக் கரைப்பானால் துடைப்பதுதான் எங்கள் வழக்கம். கரைப்பான் மோனோமரைத் தோலுக்குள் இன்னும் ஆழமாக ஓட்டிச்செல்லும் என்பது எங்களில் எவருக்கும் அப்போது உறைக்கவில்லை. என் பக்கத்து மேசை நண்பர் இரண்டே ஆண்டுகளில் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க முடியாதவரானார். கெட்டிக்கார வேதியியலாளர். கணக்குப் பிரிவுக்கு மாறிப்போனார். உங்கள் பையனைப் பற்றிப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

இனி அந்தப் புது மைக்கு வருவோம். ‘குறைந்த நச்சு’ வெறும் விளம்பரச் சொல் என்று நான் ஒதுக்கமாட்டேன். மோனோமர்களுக்குள் உண்மையிலேயே பெரிய வேறுபாடுகள் உண்டு, தொழிலும் படிப்படியாக நகர்ந்துதான் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் நல்ல ஒட்டுதலுக்காக வினைல் பைரோலிடோனைத் தாராளமாகச் சேர்த்தோம். அதை மூச்சில் இழுத்த எலிகளுக்குக் கல்லீரல் புற்று வந்தது தெரிந்தபின் மை நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. அந்த இடத்தைப் பிடித்தது வினைல் கேப்ரோலாக்டம். அதுவும் இன்று, தொடர்ந்து உட்கொள்ளவோ முகரவோ நேர்ந்தால் உறுப்புகளைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கையோடுதான் வருகிறது. இப்போது அதன் இடத்துக்கு வினைல் மெத்தில் ஆக்சசோலிடினோன் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் இளக்கமானது, எச்சரிக்கை வரிகளும் லேசானவை. டிரைமெத்திலால்புரோப்பேன் டிரைஅக்ரிலேட்டை, மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவை என்ற 2பி பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் கூடிய கூட்டத்தில் சேர்த்தது. அந்த மூலக்கூறின் நடுவில் எத்திலீன் ஆக்சைடு கண்ணிகளைச் செருகி நீட்டினால் எடை கூடுகிறது, தோல் எரிச்சல் வெகுவாகக் குறைகிறது. இப்படி நீட்டிய வகைகள் நல்ல தேர்வுகள். விலை அதில்தான் ஏறுகிறது, பதமும் தடிக்கிறது. தடித்த பதத்தை மீண்டும் இளக்க வினைல் ஈதரும் அக்ரிலேட்டும் ஒரே மூலக்கூறில் அமைந்த ஒரு மோனோமரை இன்று சேர்க்கிறார்கள். சிறியதானாலும் இரண்டு கைகளாலும் வலைக்குள் பிடித்துக்கொள்வதால் காய்ந்தபின் அது அவ்வளவாகத் தப்பி வெளியேறுவதில்லை. ஆனால் காயாத நிலையில் அதுவும் தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடியதுதான். மெத்தக்ரிலேட்டுகள் பொதுவாக அக்ரிலேட்டுகளை விடச் சாதுவானவை. அந்தக் கூடுதல் மெத்தில் தொகுதி பசியைத் தணிக்கிறது. கூடவே காயும் வேகத்தையும் தணித்துவிடுகிறது. விதிவிலக்கும் உண்டு. ஜெல் நகப்பூச்சால் ஒவ்வாமை வந்தவர்களில் பலரைத் தாக்கியது ஒரு மெத்தக்ரிலேட்தான்.

‘தாவரத்திலிருந்து எடுத்தது, இயற்கையானது’ என்று சொல்லி விற்றால் மட்டும் தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். நம் மலையில் தைல வாசனைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இந்த வார்த்தை இனிக்கும். ஐசோபார்னைல் அக்ரிலேட்டின் பாதி உடல் பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் கேம்ஃபீனிலிருந்து வருகிறது. கற்பூரத்தின் நெருங்கிய உறவு, முகர்ந்தாலே தெரியும். அதே பொருள்தான் சர்க்கரை அளக்கும் கருவிகளின் பசையில் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான நோயாளிகளின் தோலைப் புண்ணாக்கியது. 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதைத்தான் அறிவித்தது. இன்க்ஜெட் மையில் அது வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. தாவரத்தில் பிறந்தது என்பது மோனோமரின் ஊரைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

ஆய்வுக்கூடங்களில் நடப்பது நம்பிக்கை தருகிறது. ஆஸ்திரியாவில், குறிப்பாக வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அக்ரிலேட்டை முற்றாக விட்டுவிட்டு வினைல் எஸ்டர், வினைல் கார்பனேட் மோனோமர்களை எடுத்துப் பார்த்தார்கள். இவற்றில் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனோடு சேர்ந்திருப்பதால் புரதத்தின் மேல் பாயும் பசி இல்லை. செல்கள் மீது வைத்துப் பார்த்தபோது நச்சு மிகக் குறைவாக இருந்தது. திசு வளரத் தாங்கலாக உடலுக்குள் வைக்கும் சாரக்கட்டுகளுக்காகச் செய்த வேலை அது. கந்தகத் தொகுதியோடு இணைந்து காயும் வகைகளிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. காயும் வேகம், விலை, நாற்றம், புட்டியிலேயே கெட்டிப்படாமல் நிற்கும் நாள் ஆகிய நான்கும்தான் தடைகள். உங்களிடம் வந்து விற்கும் புட்டியில் இந்த வகை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது என் ஊகம். அதில் பெரும்பாலும் நீட்டிய அக்ரிலேட்டோ, கேப்ரோலாக்டம் நீக்கிய கலவையோ இருக்கும். அதுவும் நல்ல முன்னேற்றம்தான். ஒன்றரை மடங்கு விலைக்குத் தகுதியா என்பதைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மோனோமரைப் பற்றியே பேசும் விற்பனையாளர் ஒளித்தொடக்கியைப் பற்றி வாய் திறக்கமாட்டார். எல்இடி விளக்கு உமிழ்வது பெரும்பாலும் 395 நானோமீட்டர் ஒளி. அதை நன்றாக வாங்கிக்கொள்ளும் பொருள்களில் டிபிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாஸ்பீன் ஆக்சைடு மிகப் பரவலானது. வெள்ளை மையின் அடிவரை ஒளியை எட்டச் செய்ய அதைத்தான் நம்பியிருந்தோம். அது இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் என்ற வகைப்பாட்டில் வந்து, 2023 ஜூனில் ஐரோப்பாவின் மிகுந்த கவலைக்குரிய பொருள்கள் பட்டியலில் ஏறியது. 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப்பொருள்களில் தடை செய்யப்பட்டுவிட்டது. மோனோமரை மாற்றிவிட்டு டிபிஓவை அப்படியே வைத்திருக்கும் மையைக் குறைந்த நச்சு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அச்சகத்தில் கருவுற்ற பெண் எவராவது வேலை செய்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால் இந்த ஒரு வரியை முதலில் பாருங்கள்.

அடுத்தது சாக்லேட் பெட்டி. உட்பக்கத்தில் அச்சடிக்கக் கூடாது. இதில் ஐயமே இல்லை. எந்த மையாக இருந்தாலும் சரி, அச்சிட்ட பரப்பு உணவைத் தொடக் கூடாது என்பது 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகளிலேயே இருக்கிறது. மை ஐஎஸ் 15495 தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

வெளிப்பக்கத்தில் அடித்தால் போதுமா என்பதுதான் கடினமான கேள்வி. 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்னும் ஒளித்தொடக்கி கண்டுபிடிக்கப்பட்டு, கோடிக்கணக்கான லிட்டர் பால் பறிமுதலானது. மை இருந்தது பெட்டியின் வெளிப்புறத்தில்தான். அச்சான அட்டையைச் சுருளாகச் சுற்றியபோது வெளிமுகம் உள்முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தது, மையின் மிச்சம் உள்ளே ஒட்டிக்கொண்டது. அது ஆப்செட் மை. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். நீங்கள் அச்சடித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கிறீர்கள் என்றால் அதே காரியம் உங்கள் மேசையிலும் நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பரப்பு முழுவதும் நிறம் அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் மை விழும் என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 100 மில்லிகிராம். அதில் 99 சதவீதம் நன்றாகக் காய்ந்து ஒரே ஒரு சதவீதம் மிஞ்சினாலும் 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம் உதிரி மோனோமர். முறையாக ஆய்ந்து மதிப்பிடப்படாத பொருள் ஒரு கிலோ உணவில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய மை உலகம் பின்பற்றும் வரம்பு. ஒரு கிலோ உணவை அப்படிப்பட்ட ஆறு சதுரங்கள் சுற்றியிருக்கும் என்பது அவர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் ஒரு சதுரத்துக்கு அனுமதி 1.7 மைக்ரோகிராம் கூட இல்லை. நம்மிடம் மிஞ்சியிருப்பது அதைப்போல 600 மடங்கு. மிச்சம் அத்தனையும் உணவுக்குள் போய்விடாது, உண்மைதான். ஆனாலும் ‘தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது’ என்ற விரல் சோதனைக்கும் உணவுப் பாதுகாப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை இந்த எண் காட்டிவிடும். இங்கேதான் கைக்கு நல்ல மையும் வாய்க்கு நல்ல மையும் பிரிகின்றன. தோல் எரிச்சல் குறைந்த மோனோமருக்கு ஒரே கை இருந்து, அது எதையும் பிடிக்காமல் போனால் உதிரியாக நின்று மெல்ல நகரும். இரண்டு மூன்று கைகள் உள்ளவை வலையில் சிக்கிக்கொள்ளும். உணவுக்கான மையை ‘குறைந்த இடப்பெயர்வு’ மை, அதாவது உணவுக்குள் நகர்ந்துபோவது குறைவான மை, என்று தனியாக விற்பார்கள். குறைந்த நச்சு, குறைந்த நாற்றம், குறைந்த இடப்பெயர்வு மூன்றும் மூன்று சரக்குகள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருப்பதால் நாம் எல்லோரும் அட்டைக்கு நகர்ந்திருக்கிறோம். மலைக்கு அது நல்லதே. ஆனால் அட்டை இந்த மூலக்கூறுகளுக்குச் சுவர் அல்ல, சல்லடை. மெல்லிய பாலித்தீன் உறையும் பெரிதாகத் தடுக்காது. கண்ணாடியும் அலுமினியத் தாளும்தான் உறுதியாகத் தடுப்பவை. மோனோமர்களுக்குக் கொழுப்பு பிடிக்கும். சாக்லேட்டும் வர்க்கியும் கொழுப்பு நிறைந்தவை. ஒவ்வொரு சாக்லேட்டும் அலுமினியத் தாளில் முழுமையாகச் சுற்றப்பட்டிருந்தால் என் கவலை வெகுவாகக் குறையும். வர்க்கியை வெறும் அட்டைப் பெட்டியில் கொட்டிக் கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டியில் நேரடியாக யூவி மையில் அடிக்காதீர்கள். வேறு அச்சு முறையில், உணவுக்கென்று உறுதிச்சான்று உள்ள மையில் அச்சான லேபிளை ஒட்டுங்கள். தைலக் குப்பிக்கும் தேயிலைத் தகர டப்பாவுக்கும் மரச் சாவிக்கொத்துக்கும் இந்தப் பயம் இல்லை. டப்பாவின் வெளிப்புறத்தில் மட்டும் அடித்து, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் இருந்தால் போதும்.

ஆடி மாதப் பிசுபிசுப்பைப் பற்றி நான் சொல்வதில் பாதி உறுதி, பாதி அனுபவ ஊகம். யூவி மையில் இரண்டு இனங்கள் உண்டு. எபாக்சி, ஆக்செட்டேன் கொண்டு அமிலத்தால் காயும் இனத்துக்குக் காற்றின் ஈரம் ஜன்ம எதிரி. மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்துபோகும் ஊரில் அந்த மையை வாங்கவே கூடாது. ஆனால் உங்களைப்போன்ற இயந்திரங்களுக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலேட் இனம். அதற்கு எதிரி ஈரம் அல்ல, ஆக்சிஜன். மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையை இடையிலேயே முறித்துவிடுவதால்தான் மேலே பிசுபிசுப்பு நிற்கிறது. உதகை 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் காற்றில் ஆக்சிஜன் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இது நமக்குச் சிறிய சலுகைதான். பிறகு ஏன் ஆடியில் கெடுகிறது? குளிர்தான் முதல் சந்தேகம். பத்து டிகிரியில் கிடந்த குப்பியையோ தகரத்தையோ அப்படியே இயந்திரத்தில் வைத்தால் சூடான துளி விழுந்த இடத்திலேயே குளிர்ந்து விறைக்கிறது. விறைத்த கூட்டத்தில் மோனோமர்களால் நகர்ந்து ஒன்றையொன்று தேடிப் பிடிக்க முடியாது, வினை பாதியில் நின்றுவிடும். இரண்டாவது சந்தேகம் விளக்கின் கண்ணாடி. ஹெட்டிலிருந்து கிளம்பும் துளிப்புகை அதில் படிந்து, மெல்லிய திரையாகக் காய்ந்து ஒளியைக் குறைக்கும். அச்சடிக்கும் பொருள்களை முந்தைய நாளே 25 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான அறையில் வைத்துப் பாருங்கள். விளக்கின் கண்ணாடியைக் கையேட்டில் சொன்னபடி துடையுங்கள். வேகத்தைக் குறைத்து இரண்டாவது முறை ஒளியை மட்டும் ஓட்டுங்கள். முக்கியமாக வெள்ளையிலும் கறுப்பிலும் அப்படிச் செய்யுங்கள், ஒளி அடிவரை போகச் சிரமப்படும் நிறங்கள் அவை. காய்ந்ததா என்று பார்க்க ஒரு பஞ்சில் நீலகிரித் தைலம் தொட்டு 20 முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் காயவில்லை. ஏறாவிட்டால் முழுமையாகக் காய்ந்தது என்று அர்த்தமாகாது. அதை ஆய்வுக்கூடத்தில் கரைத்தெடுத்து அளந்தால்தான் தெரியும்.

குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். சமவெளி அச்சகத்தில் விசிறியும் திறந்த கதவும் இழுத்துக்கொண்டு போகும் துளிப்புகை இங்கே அறைக்குள்ளேயே சுற்றுகிறது. இயந்திரத்துக்கு மேலே குழாய் வைத்துக் காற்றை வெளியே தள்ளும் சிறிய விசிறி ஒன்று போடுங்கள். புது மைக்குக் கூடுதலாகக் கொடுக்கப்போகும் பணத்தை முதலில் இதற்குச் செலவிட்டால் மகிழ்வேன்.

பையனை இன்றே மை தொடும் வேலையிலிருந்து எடுத்து வடிவமைப்புக்கோ பேக்கிங்குக்கோ மாற்றுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள். ஒவ்வாமை உறுதியானால், புது மையைத் தொட்டாலும் அவனுக்கு வரும். குறைந்த நச்சு என்பது ஏற்கனவே பழகிப்போன உடலுக்குப் பொருந்தாது. தோல் மருத்துவரிடம் போகும்போது இரண்டு மைகளின் பாதுகாப்புத் தகவல் தாளையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். வழக்கமான தொகுப்பில் அக்ரிலேட்டுகள் பெரும்பாலும் இருக்காது என்பதால், அக்ரிலேட் தொகுப்பு வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கும். கோவையில் பெரிய மருத்துவமனைகளில் விசாரித்தால் கிடைக்கலாம். மற்றவர்கள் நைட்ரைல் கையுறை போட வேண்டும். மெல்லிய லேடெக்ஸ் உதவாது. நைட்ரைலும் சிறிது நேரம்தான் தாங்கும் என்பதால், மை தெறித்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். ஸ்பிரிட் வேண்டாம். மை பட்ட பஞ்சையும் துணியையும் தட்டில் பரப்பி, வெயிலில் கெட்டிப்பட்ட பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். மலை வெயிலில் யூவி அதிகம், இந்த வேலைக்கு அது உதவும். ஹெட் கழுவிய கழிவை எக்காரணத்தாலும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சாக்கடை அடுத்த வளைவில் ஓடையாகிவிடும், இந்த மோனோமர்களில் பல மீனுக்கும் தவளைக்கும் கடும் விஷம்.

விற்பவரிடம் புது மையின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மையை வாங்க வேண்டாம், அத்தோடு பேச்சு முடிந்தது. தந்தால் இரண்டாம் பகுதியில் எச் 317 இருக்கிறதா என்று பாருங்கள். தோல் ஒவ்வாமைக்கான குறி அது. ஏறக்குறைய எல்லா யூவி மையிலும் இருக்கும், அது ஒன்றுக்காக ஒதுக்காதீர்கள். எச் 372 இருந்தால் உறுப்புச் சேதம், எச் 360 இருந்தால் இனப்பெருக்கத் தீங்கு, எச் 318 இருந்தால் கண்ணுக்குக் கடும் சேதம். பழைய மையில் இவை இருந்து புதியதில் இல்லை என்றால், கொடுக்கும் கூடுதல் விலைக்குப் பொருள் உண்டு, கைக்கும் மூச்சுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தாளிலும் ஒரே குறிகள் என்றால் புட்டியின் லேபிள் மட்டும்தான் மாறியிருக்கிறது. மூன்றாம் பகுதியில் பொருள்களின் பெயரும் சதவீதமும் இருக்கும். அந்த இரண்டு பட்டியலையும், அச்சடிக்கும் அறையின் காலை வெப்பநிலையையும் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். வரிக்கு வரி பார்த்துச் சொல்கிறேன்.